கல்பாலம் மூடப்பட்டுள்ளது

அணையில் ஏழு மதகும் திறந்தாச்சு என்று
மைக்கில் தகவல் வந்தபோது மணி ஒன்பதரை.
"சவரிமுத்து, கயித்தக் கட்டுய்யா" என்றார் எஸ்.ஐ.
இரண்டு தடுப்புக் கம்பிகள்,
ஜவுளிக்கடை பேர் எழுதிய இரும்புப் பலகை ஒன்று,
நான்.
ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவே இவ்வளவுதான்.

கல்பாலத்தின் மேல் கணுக்கால் தண்ணீர்.
ஆகாயத்தாமரை ஒரு தீவாக வந்து முட்டி,
யோசித்து,
ஏறி அந்தப் பக்கம் விழுகிறது.
பைக்கில் கிரேட்டு கட்டியவன் கெஞ்சுகிறான்,
பால் கெடுவதற்குள் செல்லூர் போகணுமாம்.
மேம்பாலத்தைச் சுத்திப் போ என்றேன்.
மேம்பாலம் நகரவில்லை.
ஊரே அங்கே வண்டியை ஓரங்கட்டிவிட்டு
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீர் பார்க்கிறது.
"பாரு, ஆறு பாரு" என்று
பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டுகிறான் ஒருவன்,
போன மாதம் அதே இடத்தில்
ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடியவன்தான்.

அப்போது அமலோற்பவம் கூப்பிட்டாள், ரோமிலிருந்து.
அங்கே சாயங்காலம் ஐந்து. இருட்டிவிட்டதாம்.
வேலை முடிந்து பாலத்தில் நிற்கிறாள்.
"தண்ணி வருதாமே, காட்டுங்க."
போனை ஆற்றுப் பக்கம் திருப்பினேன்.
கறுப்புதான் தெரிந்திருக்கும், கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம்.
"சத்தம் கேக்குது" என்றாள்.
பிறகு கொஞ்ச நேரம் அதை மட்டும் கேட்டாள்.

அவள் ஆற்றைக் காட்டினாள்.
உயரக் கரைச்சுவர், அடியில் விளக்குகள் நெளியும் தண்ணீர்.
வருஷம் முழுக்க ஓடுவதால்
யாரும் நின்று பார்ப்பதில்லையாம்.
"ரெண்டாயிரம் வருசப் பாலத்து மேல
காதுல ஒயரோட நடந்து போயிடுறாங்க."
கொஞ்சம் தள்ளி இன்னொன்று:
ஒரே ஒரு வளைவு, ஆற்று நடுவில்,
இந்தக் கரையும் தொடாமல் அந்தக் கரையும் தொடாமல்.
அதற்குப் பேரே உடைஞ்ச பாலமாம்.
"நம்ம மைய மண்டபம் மாதிரி" என்றேன்.
நம்மள மாதிரி என்பாளோ என்று பயந்தேன்.
சொல்லவில்லை.

காசு விஷயத்தை அவள்தான் எடுத்தாள்.
கல்யாணமான வருஷம், திருவிழா பந்தோபஸ்தில்,
காய்ந்த மணலில் பூட்ஸ் முனையில் இடறியது.
செம்புக் காசு. சுருட்டை முடி,
மூக்கு தேய்ந்த ராஜா.
மிளகுக்கு வந்தானோ முத்துக்கு வந்தானோ.
ஒப்படைத்திருக்க வேண்டும், போலீஸ்காரன் நான்.
புளி போட்டுத் தேய்த்து அவளிடம் கொடுத்தேன்.

"நேத்து அதத் திருப்பிக் குடுத்துருவோம்னு
பாலத்துல நின்னு போட்டேங்க.
வீட்டுல வந்து பாத்தா அது பர்ஸ்லயே இருக்கு.
போட்டது அஞ்சு ரூபா."

நான் சிரித்த சிரிப்பில் எஸ்.ஐ. திரும்பிப் பார்த்தார்.

இன்னும் இரண்டாயிரம் வருஷத்தில்
அந்த ஆறும் ஒரு கோடையில் வற்றும்.
எவனோ ஒரு காவல்காரன் காலில் அது இடறும்.
சிங்கத்தை எண்ணுவான், மூன்று.
நாலாவது பின்னால் நிற்பது அவனுக்கு எப்படித் தெரியும்?
மிளகு விற்க வந்தவர்கள் என்று எழுதிவைப்பான்.
படுத்த படுக்கையான ஒருவரைப் புரட்டி
முதுகில் பவுடர் போட வந்தவள் என்று
எந்த மண் அவனுக்குச் சொல்லும்?

"அப்ப அந்த ராஜா?"
"இருக்கட்டும். வரும்போது கொண்டாரேன்."

எப்போது என்று வாயெடுத்தேன்.
பால்காரன் தடுப்பைத் தூக்கி இறங்கிவிட்டான்.
போனைச் சட்டைப்பையில் திணித்து ஓடி
முழங்கால் தண்ணீரில் அவன் பின்சீட்டைப் பிடித்தேன்.
வண்டி நின்றது. கிரேட்டு நிற்கவில்லை.
"ஏங்க, எங்க நிக்கிறீங்க?" என்று
பைக்குள்ளிருந்து கேட்கிறாள்.

பால் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாகப்
பாலம் தாண்டி விழுந்து
கிழக்கே போகின்றன, ஓபுளா படித்துறை, அதற்கப்பால்.
கடல் வரை போகிற ஆறு இல்லை இது.
இந்த வருஷம் போகலாம் என்கிறார்கள்.